குப்பை அள்ளும் நேரம்

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம் ஐயா. நீங்கள் எழுதிக்கொள்ளத் தோதாக நிதானமாகவே சொல்கிறேன்.

நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் இயந்திரத்துக்கு நிரல் எழுதுவது எங்கள் வேலை. நான் எழுதியது பழைய மொழியில். அதில் நினைவகத்தில் எடுத்த இடத்தை நாமே திருப்பித் தர வேண்டும், மறந்தால் வம்பு. அதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. எனக்கு வேறெதுவும் உருப்படியாகத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மனைவியின் தங்கைக்கு எங்கள் கம்பெனியில் வேலை வாங்கித் தந்ததே நான்தான். குழுத்தலைவி ஆனதும் அவள் புதுமொழிக்கு மாறலாம் என்றாள். அதில் வேலை முடிந்து வீணாகக் கிடக்கும் இடத்தை, அதைத்தான் குப்பை என்போம், மொழியே அள்ளிக்கொள்ளும். அள்ளும்போது இயந்திரம் நின்று போகுமே என்றேன்.

"கண்ணு இமைக்கிற நேரம் மாமா. அதுக்குள்ள யார் உசுரு போயிடப்போகுது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பழைய மொழி போய்விட்டால் இந்த வயதில் என்னை யார் சீந்துவார்கள்?

அதனால் புதுமொழியில் ஒரு சின்னத் துண்டு எழுதிச் சேர்த்தேன். அது வேண்டாததை எல்லாம் குவித்து வைத்துக்கொண்டே இருக்கும். பிறகு அள்ளும் நேரம் இமைப்பொழுதில் முடியாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துத்தான் ஒப்புதல் தர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவள் படிக்கவில்லை.

"மாமா எழுதுனதுல நான் என்னத்தப் பாக்குறது?" என்று ஒப்புதல் பொத்தானை அழுத்திவிட்டாள்.

சோதனை மேசையில் இயந்திரம் நின்று புதுமொழியின் மானத்தை வாங்கும் என்றுதான் நினைத்தேன். அங்கே தினமும் சாயங்காலம் அணைத்துவிடுகிறார்கள், குப்பை சேரவே இல்லை. மருத்துவமனைக்கு அனுப்பியபோது நான் வாய் திறந்திருக்கலாம். அங்கே யாரும் அணைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சொன்னால் என் குட்டு வெளிப்பட்டுவிடும், என்ன செய்வேன் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் ஒரு அம்மாளுக்கு மருந்து நின்றது. எச்சரிக்கை மணியை அடிப்பதும் அதே நிரல்தான், அதுவும் அடிக்கவில்லை. இறந்துபோன அந்த அம்மாளின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"நீங்க அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டீங்களே மாமா, நான்தான் கேக்கல" என்று மனைவியின் தங்கை அழுதாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒப்புதல் தந்தவள் என்று அவளை நீங்கள் கைது செய்து அழைத்துப் போனபோதும் பேசாமல்தான் இருந்தேன்.

இன்று காலை, அந்த இயந்திரத்தையே கைவிடப்போவதாக முதலாளி சொன்னார். மனம் கேட்கவில்லை, ஓடி வந்தேன். செய்தது நான்தான் ஐயா, அவளை விட்டுவிடுங்கள். ஆனால் தப்பு மொழியில்தான். பழைய மொழிக்கே மாறச் சொல்லுங்கள். எழுத ஆள் தேடி அலைய வேண்டாம், ஒரு கணினி மட்டும் கொடுத்தால் உள்ளே இருந்தபடியே நான் எழுதித் தருகிறேன்.