நாக்கு மட்டும் போதும்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரையை எங்கே நிறுத்தணும்னு தெரியறதே இல்லை. விசாரணைக் குழுன்னு வந்திருக்கிற நீங்களும் பாடம் நடத்தறவங்கதானே, உங்களுக்கே தெரியும்.

கீர்த்தி என்கிட்ட ஆராய்ச்சி பண்ணின பொண்ணு. அப்பா நமச்சிவாயம், செவிலிமேட்டுல பட்டுநூலுக்குச் சாயம் போடறவர். அவ கொண்டுவந்தது கட்டுரையா, சந்தைக்கடையா? பட்டறைக் கூலி, கழிவுத் தண்ணி, தொழிலாளிங்க வாயில புண்ணு, எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டியிருந்தா. "ஒண்ணைப் பிடிம்மா. சாயத்தண்ணியில புளிப்பு சரியா இருக்கான்னு உங்க அப்பா நாக்குல வெச்சுப் பார்க்கறார் இல்லையா, அது மட்டும் போதும்"னேன்.

அந்த நாக்கைப் பத்தி நான் ஊர் ஊராப் பேசியிருக்கேன். கருவியே வேணாம், ஒரு சொட்டு போதும்னு சொன்னா கூட்டம் வாயைப் பிளக்கும். இவ வந்து அதுல புண்ணைத் தேடறா.

"சார், அது ஆபத்துன்னு சொல்லத்தான் எழுதினதே"ன்னா.

"அதைத் தனிக் கட்டுரையாப் போட்டுக்கலாம்"னேன். நம்பிட்டா. என் கையெழுத்து இல்லாம பட்டம் வராது, நம்பாம என்ன பண்ணுவா? வெட்டினதுபோக மிஞ்சினது நாக்கோட புகழ் மட்டும்தான். அவ பேரோட அச்சாச்சு.

அந்தச் சமயத்துல வெளிமாநிலப் பேராசிரியர்களைப் பட்டறைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். கீர்த்தி சென்னையில இருந்தா. நமச்சிவாயம் கையைக் கட்டிக்கிட்டு நின்னார். "வேணாம் சார். பொண்ணு சத்தியம் வாங்கிக்கினுகீது. இப்பல்லாம் கலர் மாறுற காகிதத்துலதான் பாக்கறேன்"னார். காகிதத்தைப் பார்க்கவா அவங்களை அவ்வளவு தூரம் வரவழைச்சேன்? எனக்கு மானமே போச்சு.

கட்டுரை வந்த இதழை நீட்டினேன். "உங்க பொண்ணே எழுதியிருக்கு. தப்புன்னு ஒரு வரி இருக்கா பாருங்க."

விரலை வெச்சு வெச்சுப் படிச்சார். "என்கிட்ட வேணாங்குது, இங்க எம்மாம் பெருமையா எழுதிக்கீது"ன்னு சிரிச்சார். நாக்குல வெச்சார். எல்லாரும் கைதட்டினாங்க. மறுநாள்லேர்ந்து பழையபடி தினமும் அதேதானாம். பொண்ணு வாயால சொன்னதைவிட அச்சுல சொன்னதுதான் அவருக்குப் பெரிசு. இந்த லட்சணத்துல குத்தம் என்மேல.

இப்ப ஆபரேஷன் பண்ணி நாக்கை எடுத்துட்டாங்க. எனக்கும் வருத்தம்தான்.

வெட்டின பகுதியில என்ன இருந்துச்சுன்னு கேட்டீங்க. ஒரு தொழிலாளிக்கு நாக்கோரத்துல வெள்ளைத் திட்டு, புத்துநோயா மாறலாம், இனி ஒரு சொட்டுகூட வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது இருந்துச்சு. பேரை மாத்தியிருந்தா. அது அவங்க அப்பான்னு என்கிட்ட மட்டும் சொன்னா. "அவருக்குத் தெரிய வேணாம் சார், பயந்துடுவார்"னு கேட்டுக்கிட்டா.

கரண்டியில சாயத்தண்ணி மொண்டு அவர் கையில குடுத்தது நான்தான். அப்பவும் நான் வாயைத் திறக்கலை. குடுத்த வாக்கைக் காப்பாத்தறவன் நான்.