எடைக் குறைவு

காலை எட்டு மணிக்கு முன் நான் பட்டு எடை போடுவதில்லை. இரவின் ஈரம் அதில் தங்கியிருக்கும், எடை கூடுதலாகக் காட்டும். வெயில் ஏறிய பிறகு போட்டால்தான் உண்மை தெரியும்.

என் பெயர் தணிகாசலம். சொந்த ஊர் திருப்புட்குழி, விவசாயக் குடும்பம். மனைவி இப்போது இல்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு முதலாளியிடம் வேலை. நெசவாளிகளுக்குப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்பேன். புடவையாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை போடுவேன். கழிவுக்கென்று கொஞ்சம் விடுவோம். அதற்கு மேல் குறைந்தால் திருட்டு. குறைந்தவர்கள் எல்லோரும் காரணம் சொல்வார்கள். எலி, குழந்தை, காற்று. நான் காரணம் கேட்பதில்லை. என் சொல்லால் தறியை இழந்தவர்கள் இன்றும் அதே தெருவில் இருக்கிறார்கள். எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். ஐயா விசாரித்துக்கொள்ளலாம்.

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் என் மகன் அர்ஜுனனுக்குக் கல்யாணம். பெண் கிருஷ்ணவேணி, திருப்பருத்திக்குன்றத்துக்காரி. அவள் அப்பா வீரபாகு லாரி ஓட்டுகிறவர். மாப்பிள்ளைக்குத் தங்க வாட்ச் என்று பேச்சு. தட்டில் வைத்துக் கொடுத்தார். நான் எடுத்துப் புரட்டினேன். பின்மூடியில் மெல்லிய கீறல்கள். சங்கிலிக் கண்ணிகளில் பழைய அழுக்கு.

"சம்பந்தி, இது யாரோ கட்டின வாட்ச்சு."

"ஆமா சம்பந்தி. மெட்ராஸ்ல கப்பல்காரர் ஒருத்தர் கட்டிக்கினு இருந்தாரு. அசல் சுவிஸ். சாவியே குடுக்க வேணாம், அதுவா ஓடும்."

"சோறும் அதுவா தின்னுக்குமா?"

பந்தலில் சிரித்தார்கள். வீரபாகுவும் சிரித்தார்.

உரைகல்லில் ஓரத்தை லேசாக இழுத்தேன். மஞ்சள் கோடு விழுந்தது, அதன் நடுவே வெளிறிய உலோகம். முலாம். நான் ஆட்சேபிக்கவில்லை. ஜரிகையும் வெள்ளிக் கம்பிமேல் பூசிய பொன்தான். முலாம் என்று தெரிந்தே வாங்குவதில் ஏமாற்று இல்லை. முகப்பில் கம்பெனிப் பெயருக்குக் கீழே குவார்ட்ஸ் என்று பொடி இங்கிலீஷ் எழுத்து. அது என்னவென்று தெரியாது, யாரையும் கேட்கவுமில்லை. நொடிமுள் மற்ற வாட்சுகளில் போல வழுக்கிக்கொண்டு போகவில்லை. நின்று நின்று குதித்தது. எதையோ மறைத்துக்கொண்டு போகிறவனின் நடை. சபை முன்னால் தராசில் வைத்தேன். எடையை மனதில் வைத்துக்கொண்டேன்.

ஆடி கழிந்து வாட்ச் நின்றது. அர்ஜுனனுக்கு வெளியூரில் மின்வாரிய வேலை, வாரம் ஒருமுறைதான் வருவான். வாட்சை வைத்துவிட்டுப் போயிருந்தான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அந்தோணியிடம் கிருஷ்ணவேணி அதை எடுத்துக்கொண்டு போனாள். மாலையில் திரும்பினாள். வாட்ச் ஓடவில்லை. கையில் வாங்கியதுமே தெரிந்தது. தராசிலும் வைத்தேன். ஒன்றரை கிராம் குறைந்தது.

"எதைக் குடுத்துட்டு வந்தே?"

"செல்லு மாமா. சட்டைப் பொத்தான் மாதிரி இருக்குது, அதுலதான் ஓடுதாம். தீந்துபோனத உள்ளயே வெச்சா ஒழுகி மெஷினே பாழாயிடுமாம். அந்தோணி அண்ணன் கழட்டி வெச்சிக்கினாரு. மெட்ராஸ் போயி அதே மாதிரி வாங்கியாறேன்னாரு."

எலி, குழந்தை, காற்று. இப்போது பொத்தான்.

நான் அவசரப்படவில்லை. மறுநாள் அந்தோணி கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது. அதற்கடுத்த நாளும் பூட்டியிருந்தது. மெட்ராஸ் போயிருக்கிறான் என்று பெட்டிக்கடைக்காரர் சொன்னார். இருவரும் பேசிவைத்து ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள் என்பது தெளிவாயிற்று. வீட்டுக்கு வந்து பின்மூடியைக் கத்தியால் நெம்பினேன். ஸ்பிரிங் இல்லை. ஒரு செப்புக் கம்பிச் சுருள், சில சக்கரங்கள், ஒரு காலிக் குழி. உள்ளே இருந்த பொன்னை எடுத்துவிட்டார்கள் என்று முடிவுசெய்தேன். அந்தக் குழி வட்டமாக, ஒரு பொத்தான் அளவில் இருந்தது. அதையும் பார்த்தேன். மறுக்கவில்லை.

அதன் பிறகு அவளைக் கவனித்தேன். முந்தானையில் முடிச்சு இருக்கிறதா என்று பார்த்தேன். கோலம் போடும்போது தெருமுனையைப் பார்ப்பாள்.

"யாரைப் பாக்குற?"

"அந்தோணி அண்ணனத்தான் மாமா. அவரு வந்துட்டா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

எங்கள் வீட்டுப் பின்னறையில் முதலாளியின் வெள்ளைப் பட்டுக்குக் கந்தகப் புகை போடுவோம். நிறம் பளிச்சென்று வரும். சன்னல் கிடையாது. நூல் கற்றைகளான சிட்டங்களைக் கொடியில் தொங்கவிட்டு, சட்டியில் கந்தகத்தைப் பற்றவைத்து, உடனே வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். வந்த நாளிலிருந்து அது அவள் வேலை. வெள்ளிக்கிழமை காலை பற்றவைத்துவிட்டு வெளியே வரத் திரும்பினாள். நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

"உண்மையச் சொல்லு, தொறக்கறேன்."

"செல்லுதான் மாமா."

மறுபடி கேட்டேன். இருமலுக்கு நடுவே அதையே சொன்னாள். பொய்யாக இருந்தால் பேச்சு மாறியிருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். என் அனுபவத்தில் பொய் சொல்கிறவர்கள்தான் பேச்சு மாறுவதில்லை.

கொடியில் இருந்த பட்டைச் சட்டிமேல் போட்டு அமுக்கியிருந்தால் புகை நின்றிருக்கும். அவள் அதைத் தொடவில்லை. அடுத்தவர் பட்டு. பிறகு அதை எடை போட்டேன், குறைவில்லை.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தபோது வாசலில் அந்தோணி சைக்கிளை நிறுத்தினான். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தான்.

"ஒரு செல்லுக்காக மெட்ராஸ் பூரா அலைஞ்சேன் நைனா. பர்மா பஜார்ல மாட்டுச்சு."

பழையதையும் கொண்டுவந்திருந்தான். அதை என் உள்ளங்கையில் வைத்தான். சட்டைப் பொத்தான் மாதிரிதான் இருந்தது. புதியதை உள்ளே வைத்து மூடினான். முள் குதித்தது.

"மேல இருக்குறது முலாம்தான், அத வெச்சு மதிப்பு போடாதீங்க. உள்ள இருக்குறது அசல். என் கைல வந்ததுலயே இதான் ஒசத்தி. சொக்கத் தங்கத்துல பண்ணி வெச்சாலும் இவ்ளோ கரெக்டா ஓடாது. யாரு கேட்டாலும் வித்துடாதீங்க."

நான் அதைத் தராசில் வைத்தேன். கல்யாணத்தன்று முள் எங்கே நின்றதோ அங்கேயே நின்றது.

அவள் சொன்னது உண்மை என்று அப்போது எனக்குத் தெரியும். இதை எழுதிக்கொள்ளுங்கள். அவள் உயிரோடு இருந்தாள் என்பதும் தெரியும். குரல் நின்றிருந்தது, ஆனால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள், ஒரே சீராக. பின்னறைக்கும் எனக்கும் நடுவே ஒரு கூடம்தான். திறந்திருக்கலாம். திறந்தால் அவள் தெருவில் போய்ச் சொல்வாள். தணிகாசலம் போட்ட எடை ஒன்று தப்பு என்றால், நான் போட்ட எல்லா எடையையும் திரும்பப் போடச் சொல்வார்கள். தறி இழந்தவர்கள் முதலாளி வாசலில் வந்து நிற்பார்கள். தொழில் என்ன ஆகும். நான் எனக்காக யோசிக்கவில்லை.

தட்டுவது நின்ற பிறகு திறந்தேன்.

அதற்கு முன்பே அந்தோணி போய்விட்டான். அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் தறி ஓடிக்கொண்டிருந்தது. கந்தக வாடையும் அந்தத் தெருவுக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் மட்டும் தறி கிடையாது, அது அவனுக்கும் தெரியும். போகும்போது சைக்கிளைத் திருப்பியவன் ஒரு கணம் நின்று, உள்பக்கம் காதைக் கொடுத்தான்.

"இன்னா நைனா, உங்க வூட்ல எப்போ தறி போட்டீங்க?"