முஹீவாவை இக்கரைக்கு அழைத்தது பற்றி

என் சீருடையின் பித்தளைப் பொத்தான்களை நாள்தோறும் நானே துலக்குவது வழக்கம். எலுமிச்சைச் சாறும் அடுப்புச் சாம்பலும் போதும். இப்பணியை மனைவியிடம்கூட நான் விடுவதில்லை. இன்று அவை சற்று மங்கியிருப்பதைத் தாங்கள் கவனித்திருக்கலாம். என் தங்கை மகள் எசினாத்தி இரு பிள்ளைகளுடன் ரூவோ ஆற்றைக் கடந்து, போர்ச்சுகீசியர் ஆளும் அக்கரைக்குப் போய்விட்டாள் என்று கேட்டது முதல் எனக்குக் கை ஓடவில்லை. அவள் ஏன் போனாள் என வினவுகிறீர்கள். முறையாகக் கூறுகிறேன், ஐயா.

என் பெயர் கச்சாலே. இக்கரையை ஆளும் ஆங்கிலேயத் துரையின் கச்சேரியில் தலைமைச் சேவகன், மொழிபெயர்ப்பவனும் நானே. ஆங்கிலத்தை நான் பிள்ளைகள் பெற்ற பின்னர், பாதிரியாரின் பள்ளியில் சிறுவர்களோடு அமர்ந்து கற்றேன். ஆதலால் அதன் அருமை எனக்குத் தெரியும்.

எங்கள் இனத்தில் மணமானவன் மனைவியின் ஊருக்கு வந்து குடியிருப்பான்; அவளுடைய தாய்மாமனின் வயலில் உழைப்பான். அதற்கு ஈடாக அத்தம்பதியருக்காகச் சபையில் பேசும் பொறுப்பு தாய்மாமனைச் சேரும். அவன் பேசும்போது அவர்கள் வாய் திறவார். எசினாத்தியின் கணவன் முஹீவா அக்கரையில் பிறந்தவன். இவ்வாறுதான் எங்களிடம் வந்து சேர்ந்தான். நல்ல உழைப்பாளி.

மழைக்காலத் தொடக்கத்தில் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவன் பட்டப்பகலில் ஓடையருகே மண்டை உடைந்து இறந்து கிடந்தான். அதற்குச் சில நாட்கள் முன்பு முஹீவா அவனோடு கைகலந்திருந்தான். எனவே ஊர் முழுவதும் முஹீவாவின் பெயரையே சொல்லிற்று. அன்று நான் எல்லைக் கிராமங்களைச் சுற்றி வந்ததாகத் துரையிடம் அறிவித்திருந்தேன். மாலையில் முஹீவாவைத் தனியே அழைத்தேன்.

"நான் ஒண்ணும் பண்ணலியே மாமா, எதுக்கு ஓடணும்?"

"ஓடச் சொல்லலடா. உங்க அம்மா ஊர்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வான்னுதான் சொல்றேன். கொதிக்கிறது அடங்கட்டும்."

சொன்னதைச் செய்பவன் அவன், போனான். ஓடியவனே குற்றவாளி எனத் துரை முடிவு செய்தார். துரையின் முடிவில் தலையிட ஒரு சேவகனுக்கு அதிகாரமில்லை.

அவனை ஒப்படைக்கக் கேட்டு அக்கரை அதிகாரிக்கு மடல்கள் சென்றன. இரு அரசுகளுக்கிடையே ஒரு மடல் நடக்கும் வேகம் தாங்கள் அறியாததன்று. நானே படகேறிப் போய்க் கேட்டேன். அங்கிருந்த சிப்பாய் பல் குத்திக்கொண்டே பதில் சொன்னான்.

"வாங்க பித்தளைப் பொத்தான். உங்க ஆளு நல்லாத்தான் மண்ணு வெட்டுறான். உங்களுக்கு அவனைத் தூக்குல போடணும், எங்களுக்கு ரோடு போடணும். ரோடு முடியட்டும், மிச்சம் இருந்தா கூட்டிட்டுப் போங்க."

வெறுங்கையோடு திரும்பினேன். "கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவனைக் கொண்டுவர இயலாதவனுக்குச் சீருடை எதற்கு?" என்றார் துரை. அவர் அதைக் கோபமாகக் கூறவில்லை. எனக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதைத் தாங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

மீன் விற்கும் பெண்ணிடம் அவனுக்குச் செய்தி அனுப்பினேன்: எசினாத்தி மணமுறிவு கேட்கிறாள், தாய்மாமனாகிய நான் சபை கூட்டுகிறேன், வந்து சேர். இவ்வழைப்புக்கு வராத கணவன் மனைவியையும் பிள்ளைகளையும் இழப்பான். எசினாத்தி அப்படி எதுவும் கேட்கவில்லை. அவள் சோளம் இடித்துக்கொண்டிருந்தாள்.

சாலை வேலையிலிருந்து நழுவி, வழக்கப்படி சபைக்குக் கொடுக்க வேண்டிய கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் நண்பகலில் கரையேறினான். இளைத்திருந்தான்.

"அங்க எல்லாரும் சவுக்காலதான் பேசுறாங்க மாமா. சோம்பேறின்னு வாயால திட்ட ஆளே இல்ல. அதுக்காகவே உங்களத் தேடுச்சு" என்று சிரித்தான். "அவ எதுக்குக் கோவிச்சுக்கிட்டா?"

மரவள்ளிச் செடிகளுக்குப் பின்னிருந்து காவலர் வந்தனர். அவன் திமிறவில்லை. கோழியை என்னிடம் நீட்டினான். "சரி, இதுவும் நல்லதுதான் மாமா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிடும்" என்றான்.

விசாரணை நாளன்று எசினாத்தி கச்சேரி வாசலில் என் கையைப் பற்றினாள்.

"நானும் வந்து சொல்லட்டுமா மாமா? வயலுக்குக் கஞ்சி கொண்டாந்தது நான்தானே."

"நான் இருக்கேன்ல. நீ புள்ளைங்களப் பாரு."

அவள் மரத்தடியில் போய் அமர்ந்தாள். எங்கள் பெண்கள் அடக்கமானவர்கள்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நலம். கங்காணி இறந்த அன்று முஹீவா காலை முதல் பொழுது சாயும்வரை என் சோள வயலில் களையெடுத்தான். இதில் எனக்கு ஐயமில்லை. நான் எல்லைக் கிராமம் எதற்கும் போகவில்லை. சீருடைச் சட்டையைக் கிளையில் தொங்கவிட்டு, வயலோர மாமரத்தின் கீழ்ப் படுத்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துரை கேட்டபோது முஹீவா தெளிவாகவே பேசினான். "மாமா வயல்லதான் இருந்தேன். மாமாவே பார்த்தாரு. அவரையே கேளுங்க." நான் அதை ஆங்கிலத்தில் கூறினேன்: காட்டில் தனியே விறகு வெட்டியதாகவும், பார்த்தவர் எவருமில்லை என்றும் கூறுகிறான். என் வாக்கியம் பிழையற்றிருந்தது. முஹீவா என்னைப் பார்த்துத் தலையசைத்தான். தன் பக்கம் பேசப்பட்டுவிட்டது என்ற நிறைவு அவன் முகத்தில் தெரிந்தது.

தீர்ப்பையும் நானே அவனுக்கு அவன் மொழியில் கூற நேர்ந்தது. தூக்கு என்பதற்கு எங்களிடம் தனிச்சொல் இல்லை. கழுத்தில் கயிறு என்றேன்.

"நீங்க சொன்னதைத் துரை நம்பலையா மாமா?"

"நம்பல."

"விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றான்.

இச்சொற்கள் எனக்குப் பெரிய ஆறுதலாய் இருந்தன, ஐயா. பாதிக்கப்பட்டவனே ஏற்றுக்கொண்ட உண்மை அது. அவனுக்குப்பின் எசினாத்தியின் வயலை என் வயலோடு சேர்த்துக் கவனித்தேன்; பிள்ளைகளுக்கு உப்புக்கும் துணிக்கும் குறை வைக்கவில்லை. அன்று கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த ஒருவன் இவ்வறுவடையில் எங்கள் ஊரில் பெண் எடுத்தான். தன் காதால் கேட்ட ஆங்கிலத்தை அவன் எசினாத்தியிடம் சொல்லியிருக்கிறான். அவள் என்னிடம் வந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு வைக்கும் களியையும் பூசணிக் கீரையையும் வழக்கம்போல் மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு படகேறிவிட்டாள்.

அக்கரையில் ஆதரவற்ற பெண்களையும் சாலை வேலைக்குப் பிடிக்கிறார்கள். பிடித்தால் அங்கே அவளுக்காக வாதாட ஆள் வேண்டும். ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து அவளை இக்கரைக்குக் கொண்டுவர ஆவன செய்ய வேண்டும். அவளுக்காகப் பேச என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.