சிவப்பு வண்டியின் கிளட்ச்

— மறுபடி சொல்லு பிரெட். அந்தச் சின்ன எஞ்சின், எட்டு சிலிண்டருக்கு ஈடு கொடுக்குமா?

— சும்மா சொல்லக் கூடாது ரோலண்ட் சார். நாலு சிலிண்டர்தான், ஆனா டர்போ இருக்கே! சிக்னல்ல கிளம்பினா, பெரிய வண்டிக்கு ரெண்டு கார் நீளம்தான் பின்னாடி நிக்கும். விலை கம்மி, பெட்ரோல் கம்மி. கொடுக்கிற காசுக்கு இதைவிட நல்ல வண்டி டெட்ராய்ட்டுல கிடையாது. ஆட்டோமேட்டிக் வேற. கிளட்ச்சே இல்ல.

— கேட்டியா டோரீன்? வலது கால் ஒண்ணு போதும்.

— கேட்டேன். எனக்கு அந்தச் சிவப்பு வேணும். எட்டு சிலிண்டர்.

— மேடம், அது கியர் வண்டிங்க. சாருக்கு...

— உன் சாருக்கு இடது பாதம் இல்லைன்னு எனக்குத் தெரியும்ப்பா. தினம் கட்டுப் பிரிச்சுக் கட்டினவ நான். போய் ஒரு காப்பி கொண்டு வா. சர்க்கரை போடாதே.

— இதோ வரேன் மேடம்.

— நல்லாத்தான் விரட்டினே அவனை. ஒத்தக் காலனுக்குக் கிளட்ச் வண்டியா? ஊரே சிரிக்கும்டி.

— சிரிச்சுட்டுப் போகட்டும் மனுஷா.

— எனக்கு ஆசை இல்லேன்னு நினைச்சியா? ஆயுசு பூரா பாக்டரியில அந்த எஞ்சினைப் பூட்டின கை இது. அந்த உறுமலைக் கேட்டாலே நெஞ்சுக்கூடு அதிருது. ஆனா ஆசை இருந்தாப் போதுமா? மிதிக்கக் கால் வேணுமே.

— சரி, சின்னதை வாங்கினா?

— சின்னதுன்னா நானே ஓட்டுவேன். யார் தயவும் இல்லாம, நினைச்ச நேரத்துக்கு, தனியா.

— அதான் எனக்குப் பயம்.

— என்ன பயம்?

— பிப்ரவரியில என் ஆட்டோமேட்டிக் காரை எடுத்துட்டுப் போனியே. படகுத்துறை சரிவுல, வண்டி மூஞ்சி உறைஞ்ச ஏரியைப் பார்த்தாப்ல நிறுத்தி, எஞ்சினை அணைக்காம உட்கார்ந்திருந்தே.

— யார் சொன்னா?

— பனிக்கட்டியில ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போன பக்கத்து வீட்டு ஹெர்ப் பார்த்திருக்கான். கண்ணாடியைத் தட்டினானாம். நீ திரும்பிப் பார்க்கவே இல்லையாம்.

— ஏரியைப் பார்த்துட்டு இருந்தேன். அவ்வளவுதான்.

— இருக்கலாம். வீட்டுக்கு வந்தே, சூப்பைச் சூடு பண்ணிக் கொடுத்தேன், ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா என்ன சொல்லிடுவியோன்னு பயம். அன்னையிலேர்ந்து கார் சாவி என் தலையணைக்கு அடியிலதான்.

— வந்துட்டேன்ல, டோரி.

— அன்னைக்கு வந்தே.

— அப்ப இனிமே சாவியே தர மாட்டியா?

— தனியாப் போகத் தர மாட்டேன். நாம பழகின காலத்துல, உன் பழைய வண்டியில போறப்ப, உன் வலது கை எங்கே இருக்கும்?

— உன் தோள் மேல. வேற எங்கே?

— அப்ப கியர் போட்டது யாரு?

— நீதான். நான் கிளட்சை மிதிச்சா, உன் கை தன்னால போகும். ஒரு தடவைகூடக் கரகரன்னதில்ல.

— இப்ப இடம் மாறி உட்காருவோம். கிளட்சுக்கு என் கால். கியருக்கு உன் கை.

— காப்பி, மேடம். சர்க்கரை போடல. சார், சின்ன வண்டியை வாசலுக்குக் கொண்டு வரவா?

— வேணாம்ப்பா. சிவப்போட சாவியைக் கொண்டா. அவ கையில குடு.