அறுந்த கம்பி காட்டிய சூடு

ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ரப்பர் பேக்டரி ஆட்கள் இருவர்.

“சூடு பாக்கற கம்பியே அறுந்துபோச்சு, எப்படி மச்சான் மூணாம் அடுப்போட சூட்ட காட்டும்?”

“அது மூணாம் அடுப்போட சூடே இல்ல லா. அந்தப் புது எலக்ட்ரானிக் போர்டு ஒவ்வொரு அடுப்பா பாத்துட்டு வரும். மூணுலேருந்து ஒண்ணும் வரலன்னா, முன்ன பாத்த ரெண்டாம் அடுப்பு நம்பரையே காட்டிடும்.”

“எப்படி கண்டுபிடிச்ச?”

“ரெண்டாம் அடுப்ப அணைச்சேன். மூணாம் நம்பரும் கூடவே இறங்குச்சு.”

கேட்டவர் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்.

“சுங்காய் டவுன்ல உன் தங்கச்சி எப்படி இருக்கு?”

“நல்லா இருக்காம்.”

“யாரு சொன்னா?”

“மாப்பிள்ளைதான். எப்ப போன் போட்டாலும் அவருதான் எடுப்பாரு, தங்கச்சி லைனுக்கே வராது.”

பஸ் சுங்காயை நெருங்கியது. சொன்னவர் சட்டென்று எழுந்து மணியை அடித்தார்.

“இங்க எதுக்கு எறங்குற?”

“தங்கச்சிய நேர்ல பாத்துட்டு வாரேன்.”