கொதிக்க வைத்த தண்ணீர்

— குடிச்சுப் பாருங்க, ஜூலியானாக்கா. தண்ணியச் சுத்தம் பண்ற புது மிஷின்ல இருந்து வர்ற முதல் தண்ணி. இந்தத் தோட்டத்து லயத்துல உங்களுக்குத்தான் முதல்ல குடுக்கணும்னு எல்லாரும் சொன்னாங்க.

— வேணாம் தம்பி. அங்க வையுங்க.

— நானே குடிச்சேன்லா. பயப்படாதீங்க.

— பயம் இல்ல, கிளென். இந்தத் தண்ணி போன வருஷம் வந்திருக்கணும்.

— தெரியும்கா. செனாவாங்ல, இந்த மிஷின் செய்ற எங்க கம்பெனியிலயும் பேசிக்கிட்டாங்க. பிள்ளை பேரு ஜோனத்தனாமே.

— மூணு மாசம். எனக்குப் பால் ஊறல, மாவுப் பால்தான். முதல்ல உதடு நீலமாச்சு. அப்புறம் நகம். குளிருது போலன்னு துணியச் சுத்துனேன். பகாவ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அழுகை நின்னுருச்சு.

— அக்கா...

— தண்ணியாலதான்னு டாக்டர் சொன்னாங்க. கிணத்தையும் மூடிட்டாங்க. அதுல என்னாதான் இருந்துச்சு? வாடை இல்ல, கலர் இல்ல.

— தோட்டத்துல செம்பனை மரத்துக்குப் போடுற உரம்கா. மழையில கரைஞ்சு, மண்ணுக்குள்ள எறங்கி, கிணத்துக்கு வந்துருச்சு. நமக்கு அவ்வளவா ஒண்ணும் செய்யாது. பச்சப்பிள்ளைக்குத்தான்... ரத்தத்துல காத்து சேர விடாது.

— இந்த மிஷின் அத எப்படிப் பிரிக்கும்?

— உள்ள தாள் மாதிரி மெல்லிசா சவ்வு அடுக்கியிருக்கு. கரண்டு விட்டா அந்த உரத்து உப்பு சவ்வு வழியா அந்தப் பக்கம் இழுபட்டுப் போயிரும். நல்ல தண்ணி இந்தப் பக்கம் நின்னுரும்.

— கரண்டுதான் வேணுமா? நெருப்புல போகாதா? கொதிக்க வச்ச தண்ணியிலதான் தம்பி பால் கலக்குனோம். இருபது நிமிஷம், கடிகாரத்தப் பாத்து.

— அத விடுங்கக்கா.

— சொல்லுங்க.

— கொதிச்சா கிருமி சாகும். உரம் சாகாது. தண்ணி ஆவியாப் போயிரும், அது அப்படியே அடியில நிக்கும்.

— அப்போ, கொதிக்கக் கொதிக்க...

— கூடும்கா. கொஞ்சந்தான். கிணத்துத் தண்ணியிலேயே அளவுக்கு மேல இருந்துச்சு. தெரிஞ்சா யாராச்சும் செய்வாங்களா?

— மோட்டர் சைக்கிள் சத்தம் கேக்குது. என் வீட்டுக்காரர்தான், டொனால்ட். மில்லுல காலை ஷிப்டு முடிஞ்சு வர்றாரு.

— அப்போ நான் கெளம்புறேன்கா.

— இருங்க. அவரும் உங்ககிட்ட இதையேதான் கேப்பாரு. கொதிக்க வச்சது நல்லதுதான்னு சொல்லிருங்க தம்பி. பெத்த உடம்பு, நீ அடுப்புக்கிட்ட வராதன்னுட்டு, ஒரு நாள் விடாம பிள்ளைக்குத் தண்ணி கொதிக்க வச்சது அவருதான்.