விரல்கள் கூடும் இடம்

இந்தத் துயர அவைக்குத் தலைமை தாங்கும் கல்லூரி முதல்வர் முனைவர் யக்ஞநாராயணன் அவர்களே! அக்காவை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்து, இன்று எங்களோடு மேடையில் அமர்ந்திருக்கும் யேசுதாசன் அவர்களே! ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டும் சொல்லாமலும் வந்திருக்கும் புவியியல் துறையின் பழைய மாணவர்களே! இன்றைய மாணவச் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

பேசத் தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். ஹால் நிரம்பிவிட்டது, பின்னால் சுவரோரம் பலர் நிற்கிறார்கள். நடுவரிசையில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருக்கிறது, அதன்மேல் ஒரு ஒயர் பை உட்கார்ந்திருக்கிறது. மாணவி வெண்ணிலா போய்க் கேட்டதற்கு, பக்கத்தில் இருக்கும் அம்மா, "ஆளு வந்துகினு கீது கண்ணு" என்று சொல்லிவிட்டாராம். சரி, வருகிறவர் வரட்டும். நிற்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் சுருக்கமாகப் பேசுகிற ஆளும் இல்லை.

பேராசிரியர் தபீதாள் அம்மையார்! உலக வட்டாரப் புவியியல் என்ற பாடத்தை இந்தக் கல்லூரியில் யாராவது அந்தப் பெயரால் சொன்னதுண்டா? அந்தத் தாளை மாணவர்கள் 'தபீதாள் பேப்பர்' என்றுதானே சொன்னார்கள்! தேர்வு அட்டவணையிலேயே ஒருமுறை ஆபீஸ் கிளார்க் அப்படி டைப் செய்து ஒட்டிவிட்டார். யாருக்கும் அது தப்பாகவே படவில்லை.

நான் சம்பந்தம். அதே துறையில் வரைபடக் கலை நடத்துகிறவன். அளவுகோல், பாகைமானி, பென்சில் இவற்றைத் தவிர வேறெதையும் நம்பாதவன். அவரோடு நான் போடாத சண்டை கிடையாது. ஸ்டாஃப் ரூமில் எங்கள் குரல் கேட்டால் கெமிஸ்ட்ரிக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அப்படிப்பட்ட என்னைத்தான் இன்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சண்டை போட இனி யார் இருக்கிறார் எனக்கு? சொல்லுங்கள்!

அவருடைய முதல் வகுப்பை மறந்தவர் உங்களில் உண்டா? உள்ளே வருவார். சாக்பீஸ் எடுக்க மாட்டார். "பிரேசில் எங்க?" என்பார். எல்லோரும் சுவரில் தொங்கும் உலகப் படத்தைக் காட்டுவீர்கள். ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு பேட்சும், அதே தப்பு!

"அது பேப்பர். நான் பேப்பரைக் கேக்கல. பிரேசில் எங்க?"

மறுபடியும் அதே படத்தைக் காட்டுவீர்கள். அப்போது சொல்வார்: "பூமி உருண்டைன்னு ஆறாங்கிளாஸ்ல படிச்சீங்க. படிச்சதை நம்பினீங்களா? நம்பினா, பிரேசில் உங்க காலுக்குக் கீழதான இருக்கணும்? தரையைத் துளைச்சுக் காட்டுங்க."

அதுதான் அவர் முறை. கண்ணை மூட வேண்டும், பக்கத்து பெஞ்சைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது. அந்த ஊர் உண்மையில் எந்தத் திக்கில், பூமிக்குள் எவ்வளவு சரிவில் இருக்கிறதோ, அந்தப் பக்கம் விரலை நீட்ட வேண்டும். பக்கத்திலிருக்கும் கேளம்பாக்கத்தைக் காட்ட விரலைத் தாழ்த்த வேண்டியதே இல்லை. ஆப்பிரிக்காவுக்குச் சற்றுத் தாழ்த்த வேண்டும். சிலி என்றால் ஏறக்குறைய உங்கள் செருப்பையே காட்ட வேண்டும். தூரம் கூடக் கூட விரல் தாழும், கிட்டே வர வர விரல் நிமிரும். இதை நான் மறுக்கவில்லை, இது சுத்தமான கணக்கு.

இன்னொன்றும் சொல்வார். "சிலி தூரத்துல இருக்கு. இந்த மூலையில உக்காந்தவனும் அந்த மூலையில உக்காந்தவளும் காட்டினா, விரல் எல்லாம் ஒரே போக்குல, தண்டவாளம் மாதிரி நிக்கணும். விரல் ஒண்ணோட ஒண்ணு கூடுதுன்னா, நீங்க சிலியைக் காட்டல. இந்த ரூமுக்குள்ளயே இருக்கிற எதையோ காட்டுறீங்க." இதைச் சொல்லும்போது சிரிப்பார். வகுப்பும் சிரிக்கும். இந்தப் பாடத்தை மறந்துவிடாதீர்கள்.

பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் ஒரு பொங்கல் கூட்டத்தில் நானும் அவரும் மாட்டிக்கொண்டோம். ஊருக்குப் போகிற ஜனம் மூட்டையும் முடிச்சுமாக ஜி.எஸ்.டி. ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இவர் கண்ணை மூடி, கொஞ்சம் தள்ளி ரோட்டைப் பார்த்து விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரு ஆட்டோக்காரர் பதறிப்போய்க் குனிந்து தேடுகிறார். "இன்னாக்கா உழுந்துச்சு? கம்மலா?" என்றார். "காங்கோ" என்றார் நம் அம்மையார். அந்த மனிதர் வெகுநேரம் தேடினார், பாவம்!

ஆனால் அவர் வகுப்பில் சிரிப்பு அடங்கும் ஒரு நாளும் உண்டு. நம் காலடிக்கு நேர் கீழே, பூமியின் மறுபுறத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கும் நாள். ஊர் இல்லை, தீவு இல்லை. பசிபிக் கடல். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். "செருப்பைக் கழட்டிட்டு காலைத் தரையில வெச்சு சும்மா இருங்க" என்பார். ஃபேனை நிறுத்தச் சொல்வார். ஏப்ரல் மாத வெயிலில் தகிக்கிற தாம்பரத்தில், அந்த அறையின் தரை மட்டும் ஜில்லென்று ஆகிவிடும் என்று மாணவர்கள் சொல்வார்கள். மனப்பிராந்தி என்று நான் சொன்னேன். இன்னும் அப்படித்தான் சொல்கிறேன். என்ன, ஒருநாள் நானும் செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த வகுப்புப் பக்கம் நான் போகவில்லை.

இனி ஹேமநாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனைச் சொல்லாமல் தபீதாள் அம்மையாருக்கு இரங்கல் உரை ஏது?

நீலாங்கரை குப்பத்துப் பிள்ளை. கடல்கார வீட்டிலிருந்து வந்து புவியியல் படித்தான். அம்மையாரின் வகுப்பில் விரல் பிசகாதவன் அவன் ஒருவன்தான். பட்டம் வாங்கியதும் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். வீட்டில் போன் கிடையாது. துறைமுகத்தில் இறங்கும்போதெல்லாம் நம் துறைக்குத்தான் போன் செய்வான். அவனுடைய தாய் அங்காளம்மாள், மேடவாக்கம் அப்பார்ட்மெண்ட் வாசல்களில் மீன் விற்று, கூடை காலியானதும் தாம்பரம் பஸ் பிடித்து நேரே நம் துறைக்கு வருவார். வந்ததும் ஒரே கேள்விதான்.

"டீச்சரம்மா, எம்புள்ள இன்னிக்கு எங்க கீறான்?"

அம்மையார் எழுந்து நின்று கண்ணை மூடி விரலை நீட்டுவார். இன்னிக்கு சிங்கப்பூர். இன்னிக்கு செங்கடல். அந்தத் தாய் விரல் போன திக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார். பேச்சு அவ்வளவுதான். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. ஆப்பிரிக்காவின் தென்முனையைத் தாண்டியபின் கப்பலிடமிருந்து தகவலே இல்லை. தேடினார்கள். கிடைக்கவில்லை. ஆட்கள் யாரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்று கம்பெனி எழுதிவிட்டது. குப்பத்தில் காரியம் செய்யச் சொன்னார்கள். அங்காளம்மாள் மறுத்துவிட்டார். "டீச்சரம்மா சொல்லட்டும், அப்பால பாக்கலாம்" என்று கூடையை எடுத்துக்கொண்டு இங்கே வந்தார்.

அதே கேள்வி. அறையில் நான் இருந்தேன். என்ன சொல்லப் போகிறார் என்று கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். அம்மையார் எழுந்தார். கண்ணை மூடினார். தென்மேற்கே, தரைக்குள், சரிவாக விரலை நீட்டினார்.

அந்தத் தாய் போனதும் நான் கத்தினேன். "என்ன தபீதாள் இது? அந்த அம்மாவை ஏன் ஏமாத்துற?"

"ஏமாத்தலையே சம்பந்தம். எங்கேன்னு கேட்டாங்க, காட்டினேன். உயிரோட இருக்கானான்னு அவங்க கேக்கல. நானும் சொல்லல."

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஆறுதல் சொல்லும் பாவனையே இல்லை. மாணவனின் விடைத்தாளைத் திருத்தும்போது இருக்கும் அதே முகம்.

அதன்பிறகு நான் என் புத்தியைக் காட்டினேன். அந்தத் தாய் வரும்போதெல்லாம் ஏதோ வேலை இருப்பதுபோல் பக்கத்தில் நின்று, சரிவை அளக்கும் கருவியால் அந்த விரலை அளந்தேன். மனம்போன போக்கில் காட்டினால் விரல் தாறுமாறாக அலைய வேண்டும் அல்லவா? பொய் பிடிபட வேண்டும் அல்லவா? பிடிபடவில்லை. திக்கு மாறவில்லை. தென்மேற்குத்தான். ஆனால் விரல் நிமிர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம், கொஞ்சம். மடகாஸ்கர் தாண்டியது. மாலத்தீவு தாண்டியது. எந்தக் கப்பலும் போகாத அளவுக்கு மெதுவாக, ஒரு மனிதன் நடக்கிற மாதிரி.

நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்கப் பயம். ஆமாம், பயம்தான்! இந்த மேடையில் நின்று அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அம்மையார் நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு நானும் அங்காளம்மாளும் போனோம். பேச்சு குறைந்துவிட்டது. படுக்கையிலிருந்து கையை நீட்டினார். தம்பி யேசுதாசன், தண்ணீர் கேட்கிறார் என்று டம்ளரை எடுத்து வந்தார். அது தண்ணீருக்கான விரல் இல்லை. தென்மேற்கு. தரைக்கு மட்டமாக. துளிகூடத் தாழவில்லை. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், இந்தக் கல்லூரி இருக்கும் பக்கம்.

"வந்துட்டானா டீச்சரம்மா?" என்று கேட்டார் அந்தத் தாய்.

அம்மையார் என்னைப் பார்த்தார். "இனிமே எனக்குக் கை தூக்க வராது. அடுத்த தடவை கிளாஸைக் கேளு சம்பந்தம்" என்றார். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

நண்பர்களே! பேராசிரியர் தபீதாள் போய்விட்டார். அவர் தாளை யார் நடத்துவது என்று முதல்வர் கேட்டார். நான் நடத்துகிறேன்! சண்டைக்காரன்தான் நான், ஆனாலும் சொல்கிறேன். அந்த அறையில் ஃபேன் நிற்கும். செருப்புகள் வாசலில் கிடக்கும். பிரேசில் எங்கே என்று கேட்கப்படும். தன் பிள்ளை எங்கே என்று கேட்டு எந்தத் தாய் அந்தக் கதவைத் தட்டினாலும், எழுந்து நின்று விரல் நீட்ட அங்கே ஓர் ஆள் இருக்கும். அம்மையாரின் பெயரால் இந்த அவை முன்னே நான் கொடுக்கும் வாக்கு இது.

அந்த வாக்கை இப்போதே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஹாலுக்குள் நுழையும்போது வாசலில் அங்காளம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதே கேள்வி. எனக்கு அந்த விரல் வாய்க்கவில்லை. ஆனால் அம்மையாரின் வகுப்பே இங்கே உட்கார்ந்திருக்கிறது. எத்தனையோ பேட்ச்! உங்களைக் கேட்கச் சொல்லித்தானே அவர் போனார்?

மௌன அஞ்சலிக்காக எழுந்து நில்லுங்கள். செருப்பைக் கழற்றுங்கள். யாராவது ஃபேனை நிறுத்துங்கள். கண்ணை மூடுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காதீர்கள். கதவுப் பக்கம் நிற்கும் பெண்ணே, அஞ்சலி, உன்னைத்தான், கண்ணை மூடு.

ஹேமநாத் எங்கே? காட்டுங்கள்.

...

நான் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன். முதல்வர் அவர்களே, நீங்களும் பார்க்கிறீர்கள் அல்லவா? முன்வரிசைக்காரர்கள் தோளுக்குப் பின்னால் காட்டுகிறார்கள். சுவரோரம் நிற்பவர்கள் முன்னால் காட்டுகிறார்கள். ஜன்னல் பக்கத்து வெண்ணிலா இந்தப் பக்கம், கதவுப் பக்கத்து அஞ்சலி அந்தப் பக்கம். தண்டவாளம் மாதிரி இல்லை. எல்லாம் ஒன்று கூடுகின்றன. நடுவரிசையில்.

ஐயோ, தபீதாள்!

யாரும் கையை இறக்காதீர்கள். அங்காளம்மா, நீங்கள் கண்ணைத் திறக்கலாம். அந்த நாற்காலியிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் உட்காரட்டும்.